வலைக்குள் இருந்த முடிச்சு

காலை நடையில் என் ஷூ லேஸ் அவிழ்ந்துபோவது வழக்கம். டுப்ளெக்ஸ் சிலையில் தொடங்கினால், காந்தி சிலை வருவதற்குள் ஒரு தடவையாவது குனிந்தாக வேண்டும். எழுபது தாண்டியவனுக்குக் குனிவது லேசான காரியம் இல்லை. கூட நடக்கும் நண்பர் மின்துறையில் ஓய்வு பெற்றவர். எதையும் உற்றுப் பார்க்கிற சுபாவம். சில மாதங்களுக்கு முன் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றவர், "ஏன் சார், உங்க முடிச்சு மட்டும் பாதத்தோட நீளவாட்டத்துல கிடக்குது? என்னுது பாருங்க, குறுக்கே நிக்குது" என்றார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். அறுபது வருஷத்துக்கும் மேலாக நான் போட்டுவந்தது நே த வாஷ். பிரெஞ்சில் ‘பசு முடிச்சு’ என்று பொருள். முதல் பாதியில் வலது முனையை இடது முனையின் மேல் போட்டால், இரண்டாம் பாதியில் இடதை வலதின் மேல் போட வேண்டும். அப்படி மாற்றிப் போட்டால் நே பிளா, அதாவது தட்டை முடிச்சு. மாற்றாமல் இரண்டு தடவையும் ஒரே பக்கத்து முனையை மேலே கொண்டுபோனால் பசு முடிச்சு. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஷூவில் போடும் பூமுடிச்சும் இந்த இரண்டில் ஒன்றுதான். காதுகள் குறுக்கே நின்றால் சரி, நீளவாட்டத்தில் திரும்பினால் தவறு. அன்று முதல் பாதியை மாற்றிப் போட ஆரம்பித்தேன். லேஸ் அவிழ்வது நின்றுவிட்டது.

வெட்கம் என்னவென்றால், இதை எனக்கு 1961-லேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. ஊர் 1954 நவம்பர் 1-ல் கைமாறிவிட்டது என்றாலும், சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் வந்தது. இடைப்பட்ட எட்டு வருஷம் நாங்கள் இரண்டுங்கெட்டான். வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு, சினிமாக் கொட்டகையில் மறுபடி தமிழ். வாரத்தில் ஒரு மாலை சாரணர் வகுப்பு உண்டு. முசியே ஒருவர் ஆளுக்கு ஒரு மீட்டர் பருத்திக் கயிறு கொடுப்பார். படம் போட்ட ஒரு புத்தகத்தை மேஜை மேல் நிறுத்திவைத்துப் பாடம் நடத்துவார். நே பிளா, நே த கபெஸ்த்தான், நே த ஷேஸ், நே தெகூத் என்று வரிசையாகப் போகும். கபெஸ்த்தான் கம்பத்தில் கட்டுவதற்கு. ஷேஸ் என்றால் நாற்காலி. இறுகாத வளையம் போட அது. இந்த வளையத்துக்குப் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் உண்டு: கிணற்றிலிருந்து பாம்பு வெளியே வருகிறது, மரத்தைச் சுற்றுகிறது, மறுபடி கிணற்றுக்குள் போகிறது. இங்கிலீஷ்காரப் பிள்ளைகளுக்கு அதே இடத்தில் முயலும் பொந்தும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். தப்பான முடிச்சுக்கும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரன் பசுவை இழுத்தான், இங்கிலீஷ்காரன் பாட்டியை இழுத்தான். அவனவன் வீட்டில் யார் இளைத்தவரோ அவர் தலையில் போட்டுவிட்டார்கள்.

பரீட்சை எழுத்தில் வரும். முடிச்சின் படம் இருக்கும், கீழே பெயர் எழுத வேண்டும், எழுத்துப்பிழை இருந்தால் மதிப்பெண் போச்சு. எனக்கு எப்போதும் முதல் மார்க். கயிற்றைக் கையில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து வைத்திக்குப்பம் கூப்பிடு தூரம். பழைய இரும்புப் பாலம் 1952 புயலில் போய்விட்டது. தெற்கே புதுப்பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. பள்ளி விட்டால் நாங்கள் மணலில்தான் கிடப்போம். அங்கே ஒரு பெரியவர். வலை பழுதுபார்த்துக்கொண்டு கட்டுமரத்தின் நிழலில் உட்கார்ந்திருப்பார். தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மருமகன்தான் கடலுக்குப் போவார்.

கட்டுமரம் என்ற பெயரிலேயே வேலை முழுதும் இருக்கிறது. கல்யாண முருங்கை மாதிரி லேசான மரங்களைச் செதுக்கி, மூன்று முதல் ஏழு வரை பக்கம் பக்கமாக வைத்து, முன்னாலும் பின்னாலும் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டுவார்கள். ஆணி கிடையாது. அலை மேலே ஏறினால் தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியாகவே கீழே போய்விடும். இறைக்க வேண்டிய தேவையும் இல்லை, மூழ்குகிற பயமும் இல்லை. ஆனால் மரம் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். அதனால் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். மறுநாள் இருட்டோடு மறுபடி கட்டுவார்கள். தினமும் கட்டி, தினமும் அவிழ்க்கிற வாகனம் இது. சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் நம் படகுகளைப் பற்றி எழுதியவர். கட்டுமரத்துக்கு அவர் நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறார். அவருக்கு முன்பே, வில்லியம் டாம்பியர் என்ற கப்பல்காரர் 1697-ல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையில் பார்த்ததை இந்தப் பெயரோடே எழுதிவிட்டார். இங்கிலீஷில் சொல் ஏறிய வழிகளில் அது ஒன்று. பின்னால் 1876-ல் நதானியேல் ஹெரெஷாஃப் என்ற அமெரிக்கர் இரண்டு உடல் கொண்ட பாய்மரப் படகு ஒன்றைப் பந்தயத்தில் ஓட்டினார். அதற்குப் பிறகு அந்த மாதிரிப் படகுகளுக்கெல்லாம் ‘கட்டமரன்’ என்ற பெயர் நிலைத்தது. இப்போது அந்தப் பெயரில் ஓடும் உல்லாசப் படகுகளில் கட்டும் இல்லை, மரமும் இல்லை.

புதுச்சேரிக்குக் கப்பல் நேராக வந்து அணைகிற துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். அங்கிருந்து கரைக்குச் சலங்கில்தான் வர வேண்டும். பிரெஞ்சில் அதையே ‘ஷெலேங்’ என்றார்கள். சென்னையில் மசூலா படகு என்பது ஏறக்குறைய இதேதான். பலகைகளைத் துளை போட்டு, இடுக்கில் வைக்கோல் வைத்து, நார்க்கயிற்றால் தைத்த படகு. உள்ளே சட்டம் கூட இருக்காது. ஆணியடித்த ஐரோப்பியப் படகு நம் கரையலையில் மணலைத் தொட்டதும் வாய் பிளக்கும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். கயிறுதான் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பலகையைக் காப்பாற்றும். சென்னையிலேயே துறைமுக வேலை 1875-ல்தான் தொடங்கியது. அதுவரை கவர்னர் ஆனாலும் துரைசாணி ஆனாலும் இந்தக் கயிற்றுத் தையலை நம்பித்தான் காலை வைத்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை போகிறது. கப்பல் வந்து பீரங்கி போட்டது, கட்டுமரத்துக்காரன் கடிதம் கொண்டுவந்தது என்ற சமாசாரம் அதில் அடிக்கடி வரும். டுப்ளெக்ஸுக்கு ஐரோப்பாவில் யுத்தம் மூண்ட செய்தியானாலும் சரி, கும்பினியின் துணிப் பொதி கப்பலேறுவதானாலும் சரி, கடைசி ஒரு மைல் நார்க்கயிற்றின் பொறுப்பில்தான் இருந்தது. 1761 ஜனவரி 1-ல் அடித்த புயலில், நம் ஊரை முற்றுகையிட்டிருந்த இங்கிலீஷ் கப்பல்கள் பல மூழ்கின, சில கரை தட்டின. அப்படியும் அந்த மாதமே ஊர் அவர்கள் கைக்குப் போய்விட்டது, அது வேறு கதை.

தாத்தா கட்டுவதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன். கயிற்றை மரங்களுக்கு அடியில் விட்டு மேலே வாங்குவார். ஒரு காலை மரத்தில் ஊன்றி, முதுகைச் சாய்த்து இழுப்பார். அடுத்த சுற்று முந்தைய சுற்றின் மேல் ஏறாமல் பக்கத்தில் படுக்க வேண்டும். ஏறிவிட்டால் அவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். கடைசியில் முனையைச் சுற்றுகளுக்கு அடியில் செருகுவதோடு சரி. என் புத்தகத்தில் இருந்த எந்த முடிச்சும் அதில் இல்லை.

"தாத்தா, முடிச்சு எங்க?" என்று கேட்டேன்.

"சுத்துதான் தம்பி பிடிக்கும். முடிச்சு சும்மா காவலுக்கு" என்றார்.

கணக்குப் படித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கம்பத்தில் சுற்றிய கயிற்றின் பிடிமானத்தை 18-ம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற மேதை கணக்காகப் போட்டார். உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் பிடிமானம் சுமார் ஆறரை மடங்கு, இரண்டில் 43 மடங்கு, மூன்றில் 280-க்கும் மேல். நான்காவது சுற்றுக்குப் பிறகு முனையை ஒரு குழந்தை பிடித்திருந்தாலும் போதும். தாத்தா இதைத்தான் காவல் என்றார்.

இனி வரும் சமாசாரத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

ஒரு விடுமுறை நாள், விடிந்தும் விடியாத நேரம். தாத்தாவுக்குக் காய்ச்சல், மருமகன் தனியாகக் கட்டிக்கொண்டிருந்தார். வலையை மரத்தோடு சேர்த்துக் கட்டுகிற கயிறு குட்டையாகப் போய்விட்டது. இன்னொரு துண்டை எடுத்து ஒட்டுப்போட வேண்டும். அவர் அந்தப் பக்கம் போன சமயம், "நான் போடறேன் அண்ணே" என்று நானே எடுத்துப் போட்டேன். ஒன்று தடித்த நார்க்கயிறு, இன்னொன்று மெல்லிய நூல்கயிறு. நே பிளா போடுவதாக நினைத்து, இறுக்கி, அழகாகத் தட்டிவைத்தேன். அவர் திரும்பி வந்து அவசரத்தில் அதைச் சரிபார்க்கவில்லை. மரத்தைத் தள்ளிவிட்டார்கள். மூன்றாவது அலையில் கட்டுமரம் நிமிர்ந்து ஏறியபோது வலை தனியாகச் சரிந்து விழுவதைக் கரையில் நின்று பார்த்தேன். பாதி வலை கிடைத்தது, அதுவும் கிழிந்து. மீதி போய்விட்டது. அது புதிதாக வந்த நைலான் வலை, கடன் வாங்கி வாங்கியது.

சாயந்திரம் தாத்தா காய்ச்சலோடு எழுந்து வந்து மருமகனைத் திட்டிய திட்டு ஊருக்கே கேட்டது. ஒட்டுப்போடத் தெரியாதவன் எதுக்குக் கடலுக்குப் போகணும் என்றார். மருமகன் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன். நான் வேலையில் சேர்வதற்கு முன்பே தாத்தா காலமாகிவிட்டார்.

அன்று கைதவறிப் பசு முடிச்சு போட்டுவிட்டேன் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஷூ லேஸைப் பார்க்கும்போது அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு, பிரான்சில் இருக்கும் என் மைத்துனர் ஊருக்கு வந்தபோது ஒரு தடித்த புத்தகத்தை எனக்கு விட்டுவிட்டுப் போனார். கிளிஃபோர்ட் ஆஷ்லி என்ற அமெரிக்கர் எழுதியது. திமிங்கில வேட்டைக் கப்பலில் போனவர், ஓவியர். பதினோரு வருஷம் உழைத்து 1944-ல் வெளியிட்டார். 3,800-க்கும் மேற்பட்ட முடிச்சுகள், ஒவ்வொன்றுக்கும் எண். அதில் நே பிளாவைப் பற்றி அவர் கடுமையாக எச்சரிக்கிறார். ஒரே பொருளைச் சுற்றிவந்த கயிற்றின் இரண்டு முனைகளைக் கட்டத்தான் அது. பாயைச் சுருட்டிக் கட்டலாம், பொட்டலம் கட்டலாம், காயத்துக்குத் துணி கட்டலாம். இரண்டு கயிறுகளை இணைக்க அதைப் போடவே கூடாது, அப்படிப் போட்டதால் போன உயிர்கள் ஏராளம் என்கிறார். தடிமன் வேறுபட்ட கயிறுகள் என்றால் கேட்கவே வேண்டாம். அதாவது அன்று நான் மிகச் சரியாகவே போட்டிருந்தாலும் வலை போயிருக்கும். அந்த இடத்துக்கான முடிச்சு நே தெகூத். தடித்த கயிற்றை மடக்கி, அந்த மடிப்புக்குள் மெல்லியதை அடியிலிருந்து மேலே விட்டு, மடிப்பின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, தன் உடம்புக்கு அடியிலேயே நுழைத்துவிடுவது. அந்தப் பெயரையும் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதியவன்தான் நான்.

புத்தகத்தில் அடுத்து ஒன்று படித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. மீன்வலையின் ஒவ்வொரு கண்ணையும் கட்டுகிற முடிச்சும், நெசவாளி அறுந்த இழையைப் பிணைக்கிற முடிச்சும், இந்த நே தெகூத்தும் உருவத்தில் ஒன்றே. போடுகிற முறைதான் வேறு. நெசவாளி முடிச்சு என்றே பிரெஞ்சில் இன்னொரு பெயர் உண்டு. நம் ஊரில் ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி மில்களில் வேலை பார்த்தவர்கள் இதைக் கண்ணால் பார்க்காமலே போடுவார்கள். அச்சில் சிக்காமல் போகிற அளவுக்குச் சின்னதாக இருக்கும். என் மாமனாரே மில் தொழிலாளிதான். ஒரு நாளைக்கு எத்தனை போட்டாரோ. தாத்தா நிழலில் உட்கார்ந்து வலை பழுதுபார்த்தபோது, என் கண்ணெதிரே ஆயிரக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்ததும் இதுவே. கடலுக்குள் போன அந்த வலை முழுக்க, நான் போட்டிருக்க வேண்டிய முடிச்சுதான் இருந்தது.

அரசு வேலையில் சேர்ந்ததும் மறுபடி கயிறுதான். கோப்புக் கட்டுகளை நாடாவால் கட்டுவது புது குமாஸ்தாவின் முதல் வேலை. என் கட்டுகள் அலமாரியில் ஏறும்போதே பிரிந்து, ஒரு தடவை இருபது வருஷத்துக் காகிதம் தரையில் பரவியது. தலைமை எழுத்தர் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து கட்டிக் காட்டினார். ஒரு முனையை இழுத்தால் ஒரே நொடியில் அவிழ வேண்டும். நாடாவைக் கத்தரிக்கிறவன் குமாஸ்தா இல்லை என்பது அவர் கட்சி. முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் கட்டினேன். எதை அவிழ்த்தோம், எதை அவிழ்க்காமலே வைத்துவிட்டோம் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எங்களில் சிலரைக் காரைக்கால் பக்கம் சேதக் கணக்கு எடுக்க அனுப்பினார்கள். படிவத்தில் படகின் வகை எழுத ஒரு கட்டம். அதற்கு எதிரே இரண்டு கட்டங்கள்: முழுச் சேதம், பகுதிச் சேதம். கண்ணாடி இழைப் படகு என்றால் சுலபம், உடைந்தது தெரியும். ஒரு கிராமத்தில் என் வயதுக்காரர் ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய், மணலில் கிடந்த மூன்று மரங்களைக் காட்டினார். கீறல்கூட இல்லை. நான்காவதை அலை கொண்டுபோய்விட்டது.

"இது என்ன சேதம் எழுதறது?" என்று கேட்டேன்.

"கயிறு போட்டா கட்டுமரம் சார். போடலன்னா விறகு" என்றார்.

நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஒரே கையால் செதுக்கியவை. புது மரம் கேரளாவிலிருந்து வர வேண்டும், வந்தாலும் பழசோடு சேராது என்று விளக்கினார். நான் முழுச் சேதம் என்று எழுதினேன். இரண்டு வாரத்தில் மேலே இருந்து கேள்வி வந்தது: நான்கில் மூன்று பாகம் மீட்கப்பட்டிருக்கும்போது பகுதிச் சேதம் என்று ஏன் கொள்ளக் கூடாது? கேட்டவரைக் குறை சொல்ல மாட்டேன், கோப்பில் அப்படித்தான் கேட்க முடியும். பதில் குறிப்பு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கட்டுமரம் என்பது மரத்தின் பெயரன்று, கட்டின் பெயர் என்று தொடங்கி, எப்படிக் கட்டுகிறார்கள், ஏன் அவிழ்க்கிறார்கள், சுற்று எங்கே படுக்க வேண்டும் என்பது வரைக்கும். என் பணிக்காலத்தில் எழுதிய குறிப்புகளில் நான் மனசார எழுதியது அது ஒன்றுதான். அதே மாதிரி இருந்த இன்னும் சில பெயர்களையும் சேர்த்து முழுச் சேதம் என்றே ஒப்புதல் வந்தது.

அடுத்த வருஷம் வேறு வேலையாகப் போனபோது அவரைப் பார்த்தேன். பணத்தைப் போட்டு மூன்று பேரோடு சேர்ந்து கண்ணாடி இழைப் படகில் பங்கு வாங்கியிருந்தார். கரை முழுக்க அப்படிப்பட்ட படகுகள்தான் நின்றன. அந்த மூன்று மரங்களும் பூவரசு நிழலில் உட்காரும் பலகையாகக் கிடந்தன. நானும் அதில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

"கயிறு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஆட்டைக் கட்டியிருக்கு சார்" என்றார்.